குளூனி ரோட்டில் ஏது ரயில்? ஒரு ரயில்வே குடும்பத்தின் மூன்று முகவரிகள்

பழைய வரைபடங்களை வைத்துக் குடும்பங்களின் பழைய முகவரிகளைத் தேடுகிறோம். இந்த ஆய்வுக்கு வந்த குடும்பத்திடம் காகிதத்துக்குக் குறைவே இல்லை. சிங்கப்பூரில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அது. பெரும்பாலான குடும்பங்களிடம் ஒரு பழைய கடப்பிதழும் ஒரு கல்யாணப் படமும்தான் மிஞ்சியிருக்கும். இவர்களோ எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பிரச்சினை, அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான்.

முதல் தாள், ஆய்வைக் கேட்டு வந்தவருடைய அப்பாவின் பிறப்புப் பதிவேட்டு நகல். ஆண்டு 1929, பிறந்த இடம் ‘ரயில்வே லைன்ஸ், குளூனி ரோடு’, தகப்பன் தொழில் ‘ரயில்வே கூலி’. சிங்கப்பூரின் பிறப்பு இறப்புப் பதிவுகள் 1872 முதல் இருப்பதால் இந்த மாதிரி நகலை இன்றைக்கும் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தில் கேட்டு வாங்க முடியும். இரண்டாவது, சித்தப்பாவின் நகல்: 1934, ‘ரயில்வே குவார்ட்டர்ஸ், அலெக்சாண்ட்ரா ரோடு’. மூன்றாவது, 1948இல் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியபோது தாத்தா எடுத்த அட்டை. அதில் ‘புக்கிட் தீமா ரோடு, 8 மைல்’ என்று இருக்கிறது. இவற்றோடு 1950களில் நில அலுவலகம் கொடுத்த சில ரசீதுகளும், ஒரு இரும்புப் பாலத்தின் கீழே தாத்தா சைக்கிளோடு நிற்கும் ஒரு படமும்.

ஆய்வைக் கேட்டு வந்தவர் வீட்டின் மூத்த மகள், ஓய்வு பெற்ற ஆசிரியை. அவரை அக்கா என்றே சொல்கிறேன். அவருடைய அண்ணன் இந்தத் தாள்களை வைத்து ஏற்கெனவே ஒரு குடும்ப வரலாறு எழுதிவிட்டார். அதன்படி தாத்தா மூன்று இடத்திலிருந்து விரட்டப்பட்டவர். குளூனி ரோடு தாவரவியல் தோட்டத்தின் ஓரம் போகும் சாலை. அங்கே ரயிலே கிடையாது. ஆகவே 1929இல் தாத்தா தோட்டத்தில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும், பதிவு செய்த குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டார். கடைசியாக, எட்டாம் கட்டையில், அதாவது அட்டையில் இருக்கும் அந்த 8 மைலில், தாத்தாவுக்குச் சொந்த நிலம் இருந்தது, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அக்காவுக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. “அண்ணன் சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா தாத்தா ஒரு நாளும் செடி கொடின்னு பேசினதே இல்லையே” என்றார்.

நல்ல சந்தேகம். பதிவேட்டுக்காரர் தப்பு செய்தார் என்று முடிவு கட்டுவது எப்போதுமே கடைசி வழியாக இருக்க வேண்டும். முகவரியைப் படிக்க வேண்டியது அந்த ஆண்டின் வரைபடத்தில். இன்றைய போன் வரைபடத்தில் குளூனி ரோட்டைத் தேடினால் ரயில் கிடைக்காதுதான்.

1929இன் ரயில்

இன்றைக்கு நாம் நடைப்பயிற்சிக்குப் போகும் ரயில் பசுமைப் பாதை, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சுமார் 24 கிலோமீட்டர். ரயில் எப்போதும் இந்தத் தடத்தில்தான் ஓடியது என்று பலரும் நினைக்கிறார்கள். புக்கிட் தீமாவுக்குத் தெற்கே அது உண்மையில்லை. 1903இல் திறந்த சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் டேங்க் ரோட்டிலிருந்து கிளம்பியது. தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடுதான். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு, கோயில் பக்கத்தில் தீவின் முதல் ரயில் நிலையம் இருந்தது தெரியும்? அங்கிருந்து தண்டவாளம் ஆர்ச்சர்ட் ரோட்டை ஒரு பாலத்தில் தாண்டி, நியூட்டன் வழியாகப் புக்கிட் தீமா சாலைப் பக்கம் வந்து, வடமேற்கே போனது. நியூட்டனுக்கு அடுத்த நிலையங்களில் ஒன்றின் பெயரே குளூனி ரோடு.

1920களின் தீவு வரைபடத்தில் இது பளிச்சென்று தெரியும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் இந்தக் காலத்து வரைபடங்களைத் தேடிப் பார்க்கலாம். அண்ணனுக்கு அந்தப் படத்தைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அப்ப குமாஸ்தா சரியாத்தான் எழுதியிருக்கான்” என்றார். தோட்டக்காரத் தாத்தா அன்றோடு போய்விட்டார்.

நிலையம் எங்கே என்று தெரிந்தால் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, எங்கே என்று தெரிந்துவிடாது. இங்கே அளவுத் திட்டம் குறுக்கே வருகிறது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற வரைபடம் 1:63,360. அதில் அரை மில்லிமீட்டர் தடிமனான ஒரு கோடு தரையில் 32 மீட்டர். அதாவது தண்டவாளமும் அதன் பக்கத்து லயமும் சாலையும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடும். அந்தப் படத்தை வைத்து ‘குளூனி ரோடு நிலையத்தின் அருகில்’ என்று சொல்லலாம், ‘இந்த மரத்தடியில்’ என்று சொல்லக் கூடாது. 1:25,000 படத்தில் அதே கோடு 12.5 மீட்டர். சர்வே அலுவலகத்தின் மனைப் படங்கள், அங்குலத்துக்கு இரண்டு சங்கிலி என்ற கணக்கில் வரைந்தவை, 1:1,584. அங்கே அரை மில்லிமீட்டர் என்பது ஒரு மீட்டர்கூட இல்லை. ஒரு சங்கிலி 66 அடி, பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் அந்தப் படங்களில் எழுதியிருக்கும் எண்கள் மிரட்டாது.

பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்த கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். சிங்கப்பூர் நில ஆணையம் பயன்படுத்தும் எஸ்விஒய்21 ஆயமுறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) அதில் தேர்ந்தெடுத்துவிட்டு, அன்றும் இன்றும் நகராத புள்ளிகளைக் குறிக்க வேண்டும். எதைக் குறிப்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. கடற்கரையைத் தொடவே கூடாது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 700ஐத் தாண்டி நிற்கிறது. பழைய கரை இன்று எங்கேயோ உள்ளே கிடக்கிறது. ஆற்றின் வளைவுகளும் வேண்டாம், பலவற்றைக் கால்வாயாக நேர்படுத்திவிட்டார்கள். கோயில், தேவாலயம், பழைய சாலைச் சந்திப்புகள் நம்பகமானவை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், டேங்க் ரோடு கோயில், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் மூன்றும் நகரப் பகுதிக்கு நன்றாக உதவின. ஆனால் எல்லாப் புள்ளியும் நகருக்குள்ளேயே இருந்தால் புக்கிட் தீமாப் பக்கம் படம் இழுத்துக்கொண்டு போகும். அந்த முனைக்கும் புள்ளிகள் வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல துணை கிடைத்தது: ரயில்வேயின் எல்லைக் கோடே.

நீளமான ஒரே மனை

சிங்கப்பூர் ரயில்வேயை மலாய்க் கூட்டரசு அரசாங்கத்துக்கு மாற்றியது 1918ஆம் ஆண்டின் ரயில்வே மாற்றச் சட்டம். நிலம் 999 ஆண்டுக் குத்தகையில் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிலம் மலேசிய ரயில்வேயின் கையில், சிங்கப்பூரின் நடுவே, ஒரு நீண்ட துண்டாகத் தொடர்ந்தது. 1990இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தும் அது நிறைவேற இருபது ஆண்டு இழுத்தது. 2011 ஜூன் 30ஆம் தேதிதான் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது.

அரசியலுக்கு அது தலைவலி. வரைபடம் பார்ப்பவருக்கு அது வரம். சுற்றியிருந்த கம்பங்களும் (கிராமக் குடியிருப்புகளும்) தோட்டங்களும் எஸ்டேட்டுகளும் உடைந்து, சேர்ந்து, புது எண் பெற்று அடையாளம் தெரியாமல் மாறிய காலத்தில், அந்த ரயில்வே துண்டின் எல்லையை யாரும் லேசில் தொட முடியவில்லை. 1930களின் மனைப் படத்தில் இருக்கும் வளைவும் வீக்கமும் 2000ஆம் ஆண்டின் படத்திலும் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. பழைய படத்தைப் பொருத்த இதைவிட நல்ல கோடு தீவின் அந்தப் பகுதியில் கிடையாது.

வீக்கம் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். தண்டவாளம் மட்டும் போகும் இடத்தில் எல்லைகள் ஒடுங்கி இணையாகப் போகின்றன. நிலையமோ, பக்கப் பாதையோ, தொழிலாளர் குடியிருப்போ இருந்தால் எல்லை அகன்று, பிறகு மறுபடி ஒடுங்குகிறது. கட்டடம் இடிந்து ஐம்பது ஆண்டு ஆனாலும் மனையின் வயிறு அப்படியே இருக்கும். ரயில்வே குடும்பங்களைத் தேடுபவர்கள் முதலில் இந்த அகலமான இடங்களைத்தான் பட்டியலிட வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுப் படம் தேடி அலைவதைவிட இது வேகமான வழி.

குளூனி ரோட்டில் மட்டும் இந்த வழி பயன்படவில்லை. காரணம் 1932. டேங்க் ரோடு தடம் நகரச் சாலைகளில் குறுக்கிட்டது, அந்த முனையம் துறைமுகத்துக்கும் தள்ளியிருந்தது. எனவே புக்கிட் தீமாவிலிருந்து ஒரு புதிய தடம் போட்டார்கள்: ஹாலந்து ரோடு, தங்ளின், அலெக்சாண்ட்ரா வழியாகத் தஞ்சோங் பகாருக்கு. அந்த ஆண்டு மே மாதம் புதிய நிலையம் திறந்தது. பழைய தண்டவாளம் பிடுங்கப்பட்டது, அதன் நிலம் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆகவே குளூனி ரோடு லயத்துக்கு இன்றைக்கு மனை எல்லை என்று எதுவும் மிச்சம் இல்லை. அங்கே எங்களால் சொல்ல முடிந்தது நிலையத்தின் சுற்றுவட்டம் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. 1932க்குப் பிறகு அச்சான படங்கள் சிலவற்றில் பழைய தடம் இன்னும் இருக்கும். படத்தின் ஓரத்தில் இருப்பது அச்சிட்ட ஆண்டு. அளந்த ஆண்டு வேறு, திருத்திய ஆண்டு வேறு. ஓரக் குறிப்பைப் படிக்காமல் நடுப்படத்தைப் படிப்பவர்கள் இல்லாத ரயிலை ஓட்டிவிடுவார்கள்.

அலெக்சாண்ட்ரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடம் மாறியது 1932, சித்தப்பா அங்கே பிறந்தது 1934. அதே 1932இல்தான் ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் வைத்தார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுதான். ஆள் வந்து குடியேறாத இடத்தில் முனீஸ்வரன் வந்து உட்கார மாட்டார். அக்காவின் வீட்டில் இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குத்தான் முதல் படையல் போகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாமலே.

ஆக, முதல் ‘விரட்டல்’ ஒரு மாற்றல். தண்டவாளத்தோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் இடம் மாறினார்கள்.

எட்டாம் கட்டை

நகராண்மைக் கழக எல்லைக்கு வெளியே வீட்டு எண்ணுக்குப் பதில் மைல்கல்தான் முகவரி. பழைய ஆட்கள் இன்னும் ஏழாம் கட்டை, பத்தாம் கட்டை என்றுதான் சொல்வார்கள். தூரம் பெரிய தபால் நிலையத்திலிருந்து, அதாவது இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கு. அஞ்சல்காரர் போதும் என்று நினைத்த துல்லியம் நமக்குப் போதாது. ‘8 மைல்’ என்று எழுதினால் அது முன்பின் கால் மைலாவது இருக்கும். கால் மைல் 400 மீட்டர், அதற்குள் ஒரு கம்பமே அடங்கிவிடும்.

இங்கே சைக்கிள் படம் உதவியது. புக்கிட் தீமாவில் 1932இன் இரும்புப் பாலங்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. ஒன்று பழைய புக்கிட் தீமா நிலையத்துக்கு அருகில், மற்றது வடக்கே, மேலே, இன்றைய ரெயில் மால் கடைவரிசைப் பக்கம். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருப்பதால், பிரபலமான நிலையத்தருகே உள்ளதுதான் படத்தில் இருக்கிறது என்று குடும்பம் முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் படமும் எடுத்தார்கள். ஆனால் நிலையத்துப் பாலம் புக்கிட் தீமா சாலை, கால்வாய், டனர்ன் சாலை மூன்றையும் ஒருசேரத் தாண்டுகிறது. தாத்தாவின் படத்தில் ஒரே சாலை. கால்வாயே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலம் மலையாக ஏறுகிறது. அப்படியென்றால் மேல் பாலம்தான், எட்டாம் கட்டைக் கணக்கும் அங்கேதான் பொருந்துகிறது.

போருக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானப் படை எடுத்த வான்படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தப் பகுதிப் படத்தைப் பொருத்த, 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்த ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடம் கைகொடுத்தது. அதன் முகப்பு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. பாலத்துக்குத் தெற்கே, தண்டவாளத்துக்கும் மலைக்கும் நடுவில், இரண்டு நீளமான கூரைகள் இணையாகத் தெரிந்தன. மனைப் படத்தை மேலே போட்டால், ரயில்வே எல்லை அகன்று வீங்கும் இடமும் அதுவே. கம்பத்து வீடுகளின் கூரை இப்படி இருக்காது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கும். இவை வரிசையாகக் கட்டிய லயம். இதுதான் தாத்தாவின் வீடு என்று நான் எழுதவில்லை. இந்த லயத்தில் ஒரு அறை என்று எழுதினேன். அட்டையும் படமும் எல்லையும் ஒரே இடத்தைக் காட்டுவதால் அந்த அளவுக்குச் சொல்லலாம்.

ரசீது சொன்ன எல்லை

அண்ணனுக்கு முக்கியமாக இருந்தது நிலம். ரசீதுகளில் நில அலுவலக முத்திரை, முக்கிம் (நிலப் பதிவுக்கான உட்பிரிவு) எண், ‘பகுதி மனை’ என்ற குறிப்பு, ஆண்டுத் தொகை எல்லாம் இருந்தன. முத்திரையைப் பார்த்தால் பட்டா போலத்தான் தெரியும். ஆனால் அது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். டி.ஓ.எல் என்றால் பழைய கம்பத்து ஆட்களுக்கு உடனே புரியும். அரசு நிலத்தில் ஒரு துண்டை வருஷத்துக்கு வருஷம் பணம் கட்டி அனுபவிக்கலாம், புதுப்பிக்காவிட்டால் முடிந்தது. வாங்குவது, விற்பது, பிள்ளைக்கு எழுதிவைப்பது எதுவும் கிடையாது.

சரி, சொந்த நிலம் இல்லை என்று அங்கேயே விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. “அப்ப எதுக்குத் தாத்தா பணம் கட்டினார்? வீடுதான் ரயில்வே கொடுத்ததாச்சே” என்று கேட்டார். இந்த ஆய்வின் மிகச் சரியான கேள்வி அதுதான்.

ரயில்வே நிலத்துக்கு நில அலுவலகம் உரிமம் கொடுக்க முடியாது, அது அவர்கள் கையில் இல்லை. ஆகவே ரசீது எந்தத் துண்டுக்கோ, அது ரயில்வே எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். தனியார் மனைக்கும் கொடுக்க முடியாது. அந்த இடத்தின் மனைப் படத்தில் சாலைப் பக்கம் முழுக்கத் தனியார் மனைகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். மலைப் பக்கம் மட்டும், காட்டு எல்லைக்கும் ரயில்வே எல்லைக்கும் இடையே ஒரு ஒல்லியான அரசு நிலம், ரசீதில் இருந்த அதே முக்கிமில். வான்படத்தில் அந்தத் துண்டில் சின்னச் சின்னப் பாத்திகளும் ஒரு ஓரத்தில் தனிக் கூரை ஒன்றும் தெரிகின்றன. அக்காவின் அத்தை ஒருவர், எண்பதைத் தாண்டியவர், படத்தைப் பார்த்ததும் கேட்காமலே சொன்னார்: “அது மாட்டுக் கொட்டகை. வேலியில ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் பால் எடுத்துட்டு வருவோம்.”

வேலிக்கு இந்தப் பக்கம் முதலாளி கொடுத்த அறை, அந்தப் பக்கம் தாத்தா பணம் கட்டிப் பிடித்து வைத்திருந்த மண். கூலிச் சம்பளத்தோடு பால் காசும் வந்திருக்கிறது. எனக்கு இது சொந்த நிலக் கதையைவிடச் சுவையாகத் தெரிகிறது. அண்ணனுக்கு அப்படித் தெரியவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை வைத்து இழப்பீட்டுப் பட்டியலில் தேட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். உரிமத்துக்கு அந்தச் சட்டத்தின்கீழ் நிலத்தின் விலை கிடைத்திருக்காது. கையகப்படுத்த அங்கே யாருடைய சொத்தும் இல்லை, நிலம் முதலிலிருந்தே அரசினுடையது. அத்தனைக்கும் அவர் ஆசைக்காக, அக்கம்பக்கத்துத் தனியார் மனைகளின் பத்திரப் பதிவையும் பார்த்தோம். தாத்தாவின் பெயர் எதிலும் இல்லை.

குடும்பம் வைத்துக்கொண்டது

அண்ணன் எழுதிய வரலாற்றில் மூன்று வரி மாறியது. 1929: குளூனி ரோடு நிலையச் சுற்றுவட்டம், துல்லியம் சில நூறு மீட்டர். 1934: அலெக்சாண்ட்ரா குடியிருப்பு, எந்தக் கட்டடம் என்று தெரியாது. 1948: எட்டாம் கட்டை லயம், மேல் பாலத்துக்குத் தெற்கே, கூடவே வேலிக்கு வெளியே உரிம நிலம். ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆண்டு வரைபடம், அளவுத் திட்டம் என்ன, எவ்வளவு பிசகலாம் என்று பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். பத்து வருஷம் கழித்து பேரன் பேத்தி யாராவது எடுத்துப் பார்த்தால், எதை நம்பலாம் எதை மறுபடி தேடலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அலெக்சாண்ட்ரா வரிதான் இன்னும் பலவீனம். அந்தப் பகுதியின் பெரிய அளவு மனைப் படம் கிடைத்தால் எல்லை வீக்கத்தை வைத்து அதையும் குறுக்கிவிடலாம்.

இடையில் அக்கா ஊர்ப் பக்கத்து வேலையையும் தொடங்கிவிட்டார். தாத்தாவின் பழைய கடிதம் ஒன்றில் ‘தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா’ என்று ஒரு கிராமத்தின் பெயர் இருக்கிறது. அண்ணன் உடனே தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதப் போனார். மன்னார்குடி இன்று திருவாரூர் மாவட்டம். ஒருங்கிணைந்த தஞ்சாவூர் 1991இல் நாகப்பட்டினமாகவும் பிறகு திருவாரூராகவும் பிரிந்துகொண்டே போனது. கிராமத்தின் புலப்படமும், நில உரிமை விவரம் இருக்கும் அ பதிவேடும் இப்போது மன்னார்குடி வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். கடிதத்தை அண்ணன் திருத்தி எழுதிவிட்டார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு பேரும் நேரிலேயே போகிறார்கள்.